இல்லாத காலில் நோ: மூளையின் ஆழமும் எம்மவர் வலியும்

மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழ் காலை இழந்த ஒருவர் இருபது ஆண்டுகளுக்குப் பின்னரும், பனி கொட்டும் இரவுகளில், இல்லாத பெருவிரல் முறுக்கி நோகிறது என்கிறார். எரிகணைச் சிதறல் பட்ட காயம் ஆறி, தழும்பும் மங்கிவிட்ட ஒரு தாய் தோளில் இன்னும் நெருப்பு எரிகிறது என்கிறார். தடுப்புக்காவலில் உள்ளங்காலில் அடிவாங்கிய இன்னொருவருக்குக் காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைப்பதே பெரும்பாடு. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பிரம்டனிலும் இப்படியானவர்கள் இல்லாத உறவு வட்டம் எம்மிடையே குறைவு.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஓர் அனுபவம் உண்டு. எக்ஸ்றே எடுக்கிறார்கள், ஸ்கான் எடுக்கிறார்கள், இரத்தம் பரிசோதிக்கிறார்கள். முடிவில் ‘ஒன்றுமில்லை’ என்ற பதில் வருகிறது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் காருக்குள் ஒரு மௌனம். பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம், நோயாளிக்கு ஓர் அவமானம். ‘நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கினம்’ என்று சொல்லாமல் சொல்லும் முகம்.

காயம் ஆறிய பின்னும் நோ ஆறாமல் இருப்பது எப்படி? இல்லாத உறுப்பு நோவது எப்படி? இந்தக் கேள்விகளுக்கான விடையின் பெரும்பகுதி மூளையின் மேற்பரப்பில் இல்லை. அதன் ஆழத்தில் இருக்கிறது. அந்த ஆழத்தை விழித்திருக்கும் மனிதரிடம் நேரடியாக ஆராய்ந்த முக்கியமான இடங்களில் ஒன்று, நாம் வாழும் இதே ரொறன்ரோ நகரம். பதர்ஸ்ட் வீதியும் டண்டாஸ் வீதியும் சந்திக்கும் இடத்தருகே உள்ள ரொறன்ரோ வெஸ்டேர்ண் மருத்துவமனையைக் கடந்து சென்ற எம்மவர் பலருக்கும் இது தெரிந்திருக்காது.

கால்விரலிலிருந்து மூளை வரை

இருட்டில் கட்டில் காலில் விரலை இடித்துக்கொண்டால் என்ன நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். முதலில் ‘சுரீர்’ என்று ஒரு கூர்மையான நோ. அது அடங்கி ஒரு கணம் கழித்து, ஆழமான, மந்தமான உளைவு மெல்ல எழுந்து நெடுநேரம் நிற்கும். இவை இரண்டும் இரு வேறு நரம்பு இழைகளின் வேலை. மெல்லிய கொழுப்புறை கொண்ட இழைகள் செய்தியை விநாடிக்கு 5 முதல் 30 மீற்றர் வேகத்தில் கடத்துகின்றன. உறையில்லாத மிக மெல்லிய இழைகளின் வேகம் விநாடிக்கு 0.5 முதல் 2 மீற்றர் மட்டுமே. கால்விரலிலிருந்து முள்ளந்தண்டு வரையான தூரம் ஏறக்குறைய ஒரு மீற்றர் என்பதால், இரண்டாவது நோ பிந்தி வருவதை நாமே உணர முடிகிறது.

இந்த இழைகள் கொண்டுவருவது நோ அல்ல. ‘இங்கே ஆபத்து’ என்ற செய்தி மட்டுமே. முள்ளந்தண்டினுள் ஓடும் முண்ணாணில் அச்செய்தி இன்னொரு நரம்புக்கலத்திடம் ஒப்படைக்கப்படுகிறது. அந்த இழை மறுபக்கத்துக்குக் கடந்து, மேலே மூளைத்தண்டு வழியாக ஏறுகிறது. அதனால்தான் இடது காலின் நோவை வலது பக்க மூளை அறிகிறது.

மேலே ஏறும் வழியில் இந்தச் செய்தி பல கிளைகளாகப் பிரிகிறது. ஒரு கிளை மூளையின் நட்டநடுவில் இருக்கும் தலமஸுக்குச் செல்கிறது. மற்றொரு கிளை நடுமூளைக்கும், இன்னொன்று மூளைத்தண்டிலிருந்து பயத்தைக் கையாளும் அமிக்டலாவுக்கும் போகிறது. நோ என்பது இந்த இடங்கள் எல்லாம் சேர்ந்து எடுக்கும் ஒரு முடிவு. ‘நோ மையம்’ என்று மூளையில் ஒற்றை இடம் எதுவும் இல்லை.

மேற்பரப்பு மௌனம், ஆழத்தின் பேச்சு

1906 இல் பிரான்சின் ஜூல் டெஜெரீன், குஸ்தாவ் றூசி என்ற இரு மருத்துவர்கள் விசித்திரமான ஒரு நோயை விவரித்தார்கள். பாரிசவாதம் வந்து தேறிய சிலருக்கு, உடலின் ஒரு பக்கம் முழுவதும் தாங்க முடியாத எரிவு. அந்தப் பக்கத்தில் எந்தக் காயமும் இல்லை. துணி பட்டாலே துடிக்கிறார்கள். இறந்தபின் மூளையைப் பரிசோதித்தபோது, சேதம் தலமஸில் இருந்தது. உடலில் எதுவும் கெடாமல், மூளையின் ஆழத்தில் ஏற்படும் சிறு சேதமே பெரும் நோவை உருவாக்க முடியும் என்பதற்கு இது முதற் சான்றுகளில் ஒன்று. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் மலிந்த எமது சமூகத்தில் பாரிசவாதம் புதிதல்ல. வாதம் வந்து சில வாரங்களோ மாதங்களோ கழித்து, வாதம் விழுந்த பக்கத்தில் எரிவு தொடங்கினால், அது ‘வயதுபோன நோ’ அல்ல. வைத்தியரிடம் சொல்ல வேண்டிய, தனிப் பெயருள்ள ஒரு நிலை அது.

இதற்கு மறுபுறமான சான்று மொன்றியலிலிருந்து வந்தது. வலிப்பு நோயாளிகளுக்கு விழித்த நிலையில் சத்திரசிகிச்சை செய்த வைல்டர் பென்ஃபீல்ட், மூளையின் மேற்பரப்பில் மெல்லிய மின்சாரம் செலுத்தி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று கேட்டார். கை கூசியது, நாக்கு துடித்தது என்றார்கள். நோகிறது என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. 1937 இல் அவரும் எட்வின் போல்ட்றேயும் வெளியிட்ட ஆய்வில் இது பதிவானது. மேற்பரப்பைத் தொட்டால் நோ பிறப்பதில்லை என்றால், தேட வேண்டியது உள்ளே.

ரொறன்ரோவின் சத்திரசிகிச்சைக் கூடம்

உள்ளே தேடுவது எளிதல்ல. உயிருள்ள மனிதரின் மூளையில் ஆய்வுக்காக மட்டும் ஊசி இறக்க எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் பார்க்கின்சன் நோய், கடும் நடுக்கம், தீராத நோ போன்றவற்றுக்காக ஆழ்மூளைச் சத்திரசிகிச்சை தேவைப்படுவோர் இருக்கிறார்கள். அந்தச் சிகிச்சையில் சரியான இடத்தைக் கண்டறிய, முடியைவிட மெல்லிய முனையுள்ள நுண் மின்வாயை மூளைக்குள் மெதுவாக இறக்கி, ஒவ்வொரு நரம்புக்கலமாக அதன் மின்துடிப்பைக் கேட்க வேண்டியிருக்கிறது. மண்டையோட்டின் தோலுக்கு மட்டும் விறைப்பு மருந்து போதும். மூளைத் திசுவுக்குத் தன் நோவை உணரும் நரம்பு முனைகள் கிடையாது. எனவே நோயாளி விழித்திருந்து பேச முடிகிறது.

ரொறன்ரோவில் இந்த முறையைப் பல தசாப்தங்களாக வளர்த்தவர் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் றொனால்ட் ராஸ்கர். தலமஸிலும் நடுமூளையிலும் எந்தப் புள்ளியைத் தூண்டினால் உடலின் எந்தப் பகுதியில் என்ன உணர்வு எழுகிறது என்பதை நோயாளிகளின் வாய்மொழியிலிருந்தே தொகுத்து, 1982 இல் ஒரு வரைபட நூலாக அவரும் சகாக்களும் வெளியிட்டார்கள். அவருடன் பின்னர் அன்ட்ரேஸ் லொசானோ, நோ ஆய்வாளர் கரன் டேவிஸ், உடற்றொழிலியலாளர் ஜொனதன் டொஸ்ட்ரோவ்ஸ்கி ஆகியோர் இணைந்தார்கள். இந்த டொஸ்ட்ரோவ்ஸ்கிதான் 1971 இல் ஜோன் ஓ’கீஃப் என்பவருடன் சேர்ந்து, எலியின் மூளையில் இடத்தை அறியும் கலங்களை முதலில் விவரித்தவர். ஓ’கீஃபுக்கு அந்தத் துறைக்காக 2014 இல் நோபல் பரிசு கிடைத்தது.

வெட்டப்பட்ட காலுக்கு மூளையில் இருக்கும் இடம்

உறுப்பை இழந்த பின்னும் அது இருப்பதாக உணர்வதை ‘மாய உறுப்பு’ என்ற பொருளில் 1871 இல் பெயரிட்டவர் அமெரிக்க மருத்துவர் சைலஸ் வெயர் மிற்செல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த வீரர்களைப் பார்த்து எழுதியவர் அவர். போர் நடந்த எந்த மண்ணிலும் இந்த நோ உண்டு. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் ஜெய்ப்பூர் கால் பொருத்தி நடக்கும் எம்மவர்கள் எத்தனை பேர் இதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார்களோ, அவர்களுக்கே வெளிச்சம்.

1998 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் ரொறன்ரோ குழுவினர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆழ்மூளைச் சத்திரசிகிச்சைக்கு வந்த, கை அல்லது கால் இழந்த சிலரின் தலமஸை அவர்கள் ஆராய்ந்தார்கள். இரண்டு விடயங்கள் தெரியவந்தன.

முதலாவது: இழந்த உறுப்பின் எஞ்சிய அடிப்பகுதிக்கு, அதாவது மொட்டைப் பகுதிக்கு, தலமஸில் வழமையைவிடப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. செய்தி வராமல் வெறுமையான இடத்தை அயலார் பிடித்துக்கொண்டது போல.

இரண்டாவது இதைவிட வியப்பானது. அதே இடத்தில் மெல்லிய மின்சாரம் செலுத்தியபோது, சிலர் மொட்டைப் பகுதியில் எதையும் உணரவில்லை. இழந்த உறுப்பில் உணர்ந்தார்கள். சிலருக்கு அந்த இல்லாத உறுப்பில் நோவே எழுந்தது. உறுப்பு போனபின்னும் அதற்கான இடம் மூளையின் ஆழத்தில் அழிந்துபோகவில்லை. தூண்டினால் விழிக்கும் நிலையில் இருந்தது.

காலி வீட்டில் வேறொருவர் குடியேறியிருக்கிறார். ஆனால் கடிதங்கள் இன்னும் பழைய உரிமையாளரின் பெயருக்கே வருகின்றன. இடம்பெயர்ந்த எமக்கு இந்த நிலையை அதிகம் விளக்கத் தேவையில்லை.

இது முழுக் கதையும் அல்ல. வெட்டுண்ட நரம்பின் முனையில் உருவாகும் முடிச்சுகளும், முண்ணாணுக்கு அருகிலுள்ள நரம்புக்கலங்களும் தாமாகவே செய்தி அனுப்புவதும் மாய உறுப்பு நோவுக்குக் காரணமாகின்றன என்று வாதிடும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். நரம்பின் முனை, முண்ணாண், மூளை மூன்றும் இதில் பங்காளிகள் என்று கொள்வதே இன்றைக்குப் பொருத்தம்.

ரொறன்ரோ யோர்க் பல்கலைக்கழகத்தின் ஜோயல் கற்ஸ், தன் ஆசான் றொனால்ட் மெல்சாக்குடன் சேர்ந்து 1990 இல் எழுதிய ஆய்வு இன்னொரு கதவைத் திறந்தது. உறுப்பை அகற்றும் முன் அங்கே இருந்த அதே நோ, அகற்றிய பின்னும் அதே இடத்தில், அதே விதமாகத் தொடர்வதாகப் பலர் சொன்னார்கள். ஆறாத புண்ணோடு இருந்த கால், போன பின்னும் அந்தப் புண்ணோடுதான் இருந்தது. நரம்பு மண்டலம் நோவை நினைவில் வைத்திருக்கிறது என்ற கருத்து இதிலிருந்து வலுப்பெற்றது. சத்திரசிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோவை நன்றாக அடக்குவது ஆடம்பரம் அல்ல. பின்னாளில் அது நாட்பட்ட நோவாக மாறாமல் தடுக்கும் முயற்சி. ரொறன்ரோ ஜெனரல் மருத்துவமனையில் 2014 இல் இதற்கென்றே ஒரு தனிச் சேவை தொடங்கப்பட்டது.

மாய உறுப்பு நோவுக்கு ஓர் எளிய வழியை முன்வைத்தவர் தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன். இருக்கும் காலின் விம்பத்தைக் கண்ணாடியில் பார்த்து, இல்லாத கால் அசைவதாக மூளைக்குக் காட்டும் பயிற்சி அது. 2007 இல் அமெரிக்கப் படையினரிடம் நடந்த ஒரு சிறிய ஒப்பீட்டு ஆய்வில், கண்ணாடிப் பயிற்சி பெற்றவர்களின் நோ குறைந்தது. எல்லோருக்கும் பலன் தரும் என்று சொல்ல முடியாது. ஆனால் செலவும் ஆபத்தும் குறைந்த இதை, இயன்மருத்துவர் ஒருவரின் வழிகாட்டலோடு முயன்று பார்ப்பதில் தவறில்லை.

நோ வேறு, நோவின் கொடுமை வேறு

எங்கே நோகிறது, எவ்வளவு நோகிறது என்பது ஒன்று. அது எம்மை எவ்வளவு வதைக்கிறது என்பது இன்னொன்று. 1968 இல் மெல்சாக்கும் கென்னத் கேசியும் இந்த இரண்டையும் வெவ்வேறு மூளைப் பாதைகளோடு இணைத்தார்கள். தலமஸின் வெளிப்புறப் பகுதி இடத்தையும் அளவையும் சொல்லும் பாதையைச் சேர்ந்தது. உட்புறப் பகுதி, மூளையின் இரு பாதிகளும் முகம் பார்க்கும் உள்மடிப்பில் உள்ள சிங்குலேட் பகுதியோடு சேர்ந்து, வதையை உருவாக்கும் பாதையைச் சேர்ந்தது. காதுக்கு உட்புறமாக மடிந்து மறைந்திருக்கும் இன்சுலா இரண்டையும் இணைக்கிறது.

1960 களில் தீராத நோவுக்காகச் சிங்குலேட் இழைகளைத் துண்டிக்கும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டபோது, நோ இன்னும் இருக்கிறது, ஆனால் முன்போல் வதைக்கவில்லை என்று நோயாளிகள் சொன்னார்கள். 1997 இல் மொன்றியலில் பியர் றான்வில் குழுவினர் கத்தியின்றி இதையே காட்டினார்கள். அறிதுயில் நிலையில் இருந்தவர்களின் கையைச் சுடுநீரில் வைத்து, நோவின் வதையைக் கூட்டியும் குறைத்தும் உணரச் சொன்னபோது, சிங்குலேட் பகுதியின் செயற்பாடு அதற்கேற்ப மாறியது. நீரின் சூடு மாறவேயில்லை.

1999 இல் ரொறன்ரோ குழுவினர் சிங்குலேட் பகுதியிலேயே தனித்த நரம்புக்கலங்களின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். ஊசி குத்தும்போதும் சுடும்போதும் துடிக்கும் கலங்கள் அங்கே இருந்தன. அவற்றில் ஒன்று, நோயாளியின் கையில் எதுவும் படாமல், ஆய்வாளர் தன் விரலில் ஊசி குத்துவதை நோயாளி பார்த்தபோதும் துடித்தது. ஒரு கலத்தை வைத்துப் பெரிய முடிவு எடுக்கக் கூடாது. ஆனால் மற்றவரின் நோவைக் காண்பது மூளையின் ஆழத்தில் வெறும் செய்தியாக முடிவதில்லை என்பதற்கு, பிற்கால ஸ்கான் ஆய்வுகளும் சான்று தந்தன. முள்ளிவாய்க்காலைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு, யூனிவேர்சிற்றி அவெனியூவில் நாள்கணக்காக நின்றவர்கள் உடம்பு நொந்தது என்று சொன்னால், அதை வெறும் பேச்சு என்று தள்ளத் தேவையில்லை.

மேலிருந்து மூடும் கதவு

1965 இல் மெல்சாக்கும் பற்றிக் வோலும் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்ட கோட்பாடு இத்துறையைத் திருப்பிப்போட்டது. முண்ணாணில் ஒரு கதவு இருக்கிறது. அது திறந்தால் நோச் செய்தி மேலே போகும், மூடினால் குறையும். அந்தக் கதவை மூளையும் மேலிருந்து இயக்குகிறது என்றார்கள். இடித்த இடத்தை அம்மா தேய்த்துவிட்டால் நோ குறைவது ஏன் என்பதற்கும் இதில் விளக்கம் இருந்தது. தொடுகைச் செய்தி கதவை மூட உதவுகிறது. விபரங்களில் பின்னர் திருத்தங்கள் வந்தாலும், மூளை நோவைக் கட்டுப்படுத்துகிறது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

மேலிருந்து இயக்கும் அந்தக் கை எங்கே இருக்கிறது? நடுமூளையின் நடுவே ஓடும் சிறு நீர்க்கால்வாயைச் சுற்றியுள்ள சாம்பல்நிறப் பகுதியில். 1969 இல் டேவிட் றெனோல்ட்ஸ் எலிகளின் அந்தப் பகுதியை மின்சாரத்தால் தூண்டியபோது, மயக்கமருந்து இல்லாமலே வயிற்றில் சத்திரசிகிச்சை செய்ய முடிந்தது. 1975 இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் ஜோன் ஹியூஸ், ஹான்ஸ் கொஸ்ரர்லிற்ஸ் இருவரும் மூளை தானே உற்பத்தி செய்யும் மோர்ஃபின் போன்ற பொருளைக் கண்டறிந்தார்கள். 1978 இல் பல் பிடுங்கியவர்களிடம் நடந்த ஆய்வொன்று, வெறும் மருந்துபோல் கொடுக்கப்பட்டதால் கிடைத்த நிவாரணத்தையும், மோர்ஃபினை முறிக்கும் மருந்து குறைத்துவிடுவதைக் காட்டியது. நம்பிக்கைக்கும் மூளையில் ஒரு வேதியியல் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் காயப்பட்ட படையினரைப் பார்த்த ஹென்றி பீச்சர், கடுங்காயமுற்றவர்களில் பெரும்பாலானோர் நோ மருந்து கேட்கவில்லை என 1946 இல் எழுதினார். பதுங்குகுழியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது காலில் சிதறல் பட்டதே தெரியவில்லை என்று சொன்னவர்கள் எம்மிடையே உண்டு. உயிர் தப்ப வேண்டிய வேளையில் நடுமூளை கதவை மூடிவிடுகிறது.

அதே கை கதவைத் திறந்தும் விடும் என்பதுதான் துயரம். மூளைத்தண்டில் நோவை அடக்கும் கலங்களும் உண்டு, பெருக்கும் கலங்களும் உண்டு. நித்திரையின்மை, தொடர் பயம், மனச்சோர்வு ஆகியவை இந்தச் சமநிலையை நோவின் பக்கம் சாய்க்கின்றன.

இங்கே ஒரு நடைமுறை விடயம். நரம்பு நோவுக்குக் கனடாவில் முதல் வரிசையில் கொடுக்கப்படும் மருந்துகளில் டுலொக்சற்றின், நோர்ட்ரிப்ரிலின் போன்றவை உண்டு. மருந்துக்கடைத் தாளில் இவை மனச்சோர்வுக்கான மருந்து என்றிருப்பதைக் கண்டு, ‘எனக்கு விசர் எண்டு நினைச்சுத் தந்திருக்கிறார்’ என்று பலர் குப்பையில் போடுகிறார்கள். அப்படியல்ல. மூளையிலிருந்து முண்ணாணுக்கு இறங்கி வந்து கதவை மூடும் நரம்புகள் பயன்படுத்தும் அதே வேதிப்பொருட்களை இந்த மருந்துகள் கூட்டுகின்றன. மனச்சோர்வு இல்லாதவருக்கும் நோவுக்காக இவை கொடுக்கப்படுகின்றன. கபபென்ரின், பிரெகபலின் போன்றவை வேறு வழியில் நரம்பின் படபடப்பைக் குறைக்கின்றன. எதையும் தாமாகத் தொடங்கவோ சட்டென்று நிறுத்தவோ கூடாது.

பயமும் நினைவும் நோவும்

மூளைத்தண்டிலிருந்து அமிக்டலாவுக்கு நேரடியாகச் செல்லும் நோப் பாதை ஒன்று உண்டு என்று மேலே சொன்னோம். அமிக்டலா பயத்தைக் கற்றுக்கொள்ளும் இடம். வதையின்போது கேட்ட சத்தமும் மணமும் சப்பாத்தின் ஒலியும் நோவோடு சேர்ந்து அங்கே பதிந்துவிடுகின்றன. ஆண்டுகள் கழித்து அதே சத்தம் கேட்டால், பயத்தோடு உடம்பின் நோவும் எழக்கூடும்.

நோ நாட்படுவதிலும் ஆழ்மூளைக்குப் பங்குண்டு. 2012 இல் சிக்காகோவில் வானியா அப்காரியன் குழுவினர், புதிதாக நாரிநோ வந்தவர்களை ஓராண்டு தொடர்ந்து ஸ்கான் செய்தார்கள். யாருக்கு நோ நீடிக்கும் என்பதை, முள்ளந்தண்டைக் காட்டிலும் மூளையின் முன்பகுதிக்கும் ஆழத்திலுள்ள அக்கும்பென்ஸ் என்ற சிறு பகுதிக்கும் இடையிலான தொடர்பின் வலிமை முன்கூட்டியே காட்டியது. இந்தப் பகுதி விருப்பத்தையும் ஊக்கத்தையும் கையாள்வது.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலம் முழுவதும் பணியாற்றிய உளநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 1998 இல் வெளிவந்த தன் நூலில், எம்மக்கள் மனத்துயரை உடல் நோவாகவே வைத்தியரிடம் கொண்டுவருவதை எழுதினார். ரொறன்ரோவில் மோர்ட்டன் பைசர் தலைமையிலான ஆய்வாளர்கள் இங்குள்ள இலங்கைத் தமிழரிடையே போரின் தாக்கத்தை ஆராய்ந்து 2003 இலும் 2011 இலும் வெளியிட்டார்கள். ‘உடம்பிலா, மனதிலா?’ என்று பிரித்துக் கேட்பதே மூளையைப் பொறுத்தவரை தவறான கேள்வி. ஒரே ஆழத்தில், ஒரே பாதைகளில் இரண்டும் நடக்கின்றன. நோவை ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020 இல் திருத்திய வரைவிலக்கணமும் நோவை உணர்வும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம் என்றே சொல்கிறது. திசுச்சேதம் இருந்தே ஆகவேண்டும் என்று கேட்கவில்லை.

அகதி விண்ணப்பத்தில் நிற்பவர்களுக்கும் இது பொருந்தும். சித்திரவதையை ஆவணப்படுத்த ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட இஸ்தான்புல் நெறிமுறை, உடலில் அடையாளம் இல்லாததால் சித்திரவதை நடக்கவில்லை என்று ஆகாது எனத் தெளிவாகக் கூறுகிறது. ரொறன்ரோவில் சித்திரவதைக்கு ஆளானோருக்கான கனேடிய நிலையம் இவ்வகையில் பல சமூகத்தவர்க்கும் உதவி வருகிறது.

வைத்தியரிடம் எப்படிச் சொல்வது?

‘அம்மா, உங்களுக்கு எங்க நோகுது?’

‘கால் உளையுது பிள்ளை. இரவில நெருப்பு மாதிரி எரியும். சிலவேளை எறும்பு ஊருறமாதிரி. போர்வை பட்டாலும் ஏலாது.’

மகள் வைத்தியரிடம் திரும்பி, ‘காலில் வலியாம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரியில் முடிக்கிறார். அம்மா சொன்னதில் நான்கு மருத்துவக் குறிப்புகள் இருந்தன. எரிவு, ஊர்தல், இரவில் கூடுதல், துணி பட்டாலே நோதல் ஆகியவை நரம்பு நோவைச் சுட்டும் அடையாளங்கள். நான்கும் அறைக்குள்ளேயே தொலைந்துபோயின.

1975 இல் மெல்சாக் வெளியிட்ட மக்கில் நோ வினாக்கொத்து இந்தச் சொற்களின் பெறுமதியை உணர்ந்து உருவானது. நோயாளிகள் பயன்படுத்தும் 78 சொற்களை அவர் 20 தொகுதிகளாக வகுத்தார். எமது மொழியில் இதற்குப் பஞ்சமே இல்லை. உளைவு, குத்து, எரிவு, கடுப்பு, விறைப்பு, பிடிப்பு, இழுப்பு, தலையிடி, நாரிநோ, விண்விண்ணென்று தெறித்தல் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு. பத்துக்கு எத்தனை என்று கேட்கும்போது எண் சொல்வது போதாது. சொல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போகும் முன் ஒரு தாளில் எழுதிவையுங்கள்: எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது, எந்தச் சொல் பொருந்துகிறது, எந்த நேரத்தில் கூடுகிறது, எது குறைக்கிறது, நித்திரை எப்படி, எப்போதிருந்து. எரிகணைச் சிதறல் உடலில் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கானின் காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடும் என்பதால் இது ஆபத்தோடும் தொடர்புடையது. பெற்றோர் தங்கள் மீது நடந்த கொடுமையைப் பிள்ளை முன்னால் சொல்ல மாட்டார்கள். பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைப்பதற்குப் பதில், மருத்துவமனையிடம் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். குடும்ப வைத்தியரிடம் நோச் சிகிச்சை நிலையம் ஒன்றுக்குப் பரிந்துரை கேட்கவும் தயங்க வேண்டாம்.

ஆழ்மூளையில் மின்வாய் பொருத்தும் சிகிச்சை நோவுக்கும் முயலப்பட்டிருக்கிறது. பார்க்கின்சன் நோயில் கிடைத்த உறுதியான பலன் நோவில் கிடைக்கவில்லை. மற்ற வழிகள் எல்லாம் தோற்ற மிகச் சிலருக்கே அது பரிசீலிக்கப்படுகிறது. பெரும்பாலானோருக்கு உதவுவது மருந்து, அளவான உடற்பயிற்சி, நல்ல நித்திரை, பயம் தெளிய ஆற்றுப்படுத்தல் ஆகியவற்றின் சேர்க்கைதான். நோ முற்றாகப் போகாவிட்டாலும், நடக்கவும் தூங்கவும் பேரப்பிள்ளையைத் தூக்கவும் முடியும் அளவுக்கு அதைக் குறைக்கலாம்.

அடுத்த முறை வீட்டில் ஒருவர் ‘ஸ்கானில் ஒன்றுமில்லையாம், ஆனா நோகுது’ என்றால், நம்புங்கள். சாதாரண ஸ்கான் எலும்பையும் சதையையும் காட்டும். தலமஸில் ஒரு கலம் துடிப்பதை அது காட்டாது.